மூச்சுக்கு வைத்திருந்த பேட்டரி

கோயமுத்தூரில் எங்களுக்கு மோட்டார் ரீவைண்டிங் கடை. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகின செம்புக் கம்பியை எடுத்துப் போட்டுவிட்டு, புதுக் கம்பி சுற்றிக் கொடுக்கிற வேலை. சுற்றுவது என் வீட்டுக்காரர். வாய் பேசுவது நான். மோட்டாரைப் போட்டுவிட்டு ஆறு மாதம் எட்டிப் பார்க்காதவர்கள், நேற்றுக் கொடுத்துவிட்டு இன்றைக்கே ஆகிவிட்டதா என்று வந்து நிற்கிறவர்கள், எல்லாரும் என்னைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். "ஏனுங்க, இதென்ன இட்லிக் கடைங்களா, ஆவி பறக்க எடுத்துக் குடுக்கறதுக்கு?" என்பேன். எங்கள் பக்கத்தில் திட்டுவதென்றாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவோம். ஆனால் திட்டிவிடுவோம். இருபத்தெட்டு வருடமாக என் வாய்க்குக் கடைத்தெருவில் ஒரு மரியாதை உண்டு. அந்த வாய் ஒரே ஒரு நாள், திறக்க வேண்டிய இடத்தில் திறக்கவில்லை. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அவரும் அவருடைய அண்ணனும் குறட்டைக்குப் பேர் போனவர்கள். கல்யாண வீடுகளில் இரண்டு பேரையும் ஒரே அறையில் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, "ரெண்டு ஆயில் இன்ஜினையும் ஒட்டுக்கா ஓட்டி உட்டாச்சு, விடியறதுக்குள்ள நாலு ஏக்கராவுக்குத் தண்ணி பாஞ்சுரும்" என்று கேலி செய்வார்கள். நானும் சேர்ந்து சிரித்தவள்தான். குறட்டை விடுகிறவன் நிம்மதியாகத் தூங்குகிறான் என்று எந்தப் புண்ணியவான் சொல்லி வைத்தானோ, நாங்கள் அத்தனை பேரும் நம்பினோம்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாள் காலையில் அண்ணன் எழுந்திருக்கவில்லை. கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்து ஊரில் தோட்டத்து வீடு. முந்தின நாள் வாழைக்கு மண் அணைத்துவிட்டு வந்து, சாப்பிட்டு, படுத்தவர். ஐம்பத்தெட்டு வயது. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம், "குடுத்து வெச்ச சாவுங்க, ஒருத்தருக்கும் தொந்தரவில்லாம போயிட்டாருங்க" என்றார்கள். ஐம்பத்தெட்டில் போவதில் என்ன கொடுத்து வைத்தது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருடைய மனைவி, என் ஓரகத்தி, சுவரோரம் உட்கார்ந்திருந்தார். நான் அக்கா என்று கூப்பிடுகிறவர். மூன்று நாளும் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

ஊரிலிருந்து திரும்பின பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது. பக்கத்தில் படுத்து இவருடைய குறட்டையைக் கேட்க ஆரம்பித்தேன். அத்தனை வருடம் காதில் விழுந்தது, அப்போதுதான் கேட்டது. ஏறி ஏறிப் போகும். ஒரு இடத்தில் பட்டென்று நிற்கும். நெஞ்சு மட்டும் எக்கி எக்கி அசையும், காற்று வராது. அப்புறம் தண்ணீருக்குள்ளிருந்து வெளியே வருகிறவர் மாதிரி ஒரு பெரிய இழுப்பு. மறுபடி குறட்டை. செல்போனில் பதிவு செய்து டாக்டரிடம் கொண்டுபோனேன். டாக்டர் பாதிதான் கேட்டார், போதும் என்று கையைக் காட்டிவிட்டார். ஒரு ராத்திரி முழுக்க உடம்பெல்லாம் ஒயர் ஒட்டிப் பரிசோதனை செய்தார்கள். தூக்கத்தில் தொண்டை தளர்ந்து அடைத்துக்கொள்கிறது, மூச்சு அடிக்கடி நிற்கிறது, இருதயம் அதில் அடி வாங்கிக்கொண்டே இருக்கிறது என்றார். அண்ணன் போனதும் இதனால்தானா என்று கேட்டேன். "அது சொல்ல முடியாதும்மா. இவரை விட்டுறாதீங்க" என்றார்.

அப்படித்தான் சிபாப் மெஷின் வீட்டுக்கு வந்தது. சின்னப் பெட்டி. உள்ளே ஒரு குட்டி மோட்டார் காற்றைத் தள்ளும். அது குழாய் வழியாக மூக்கில் மாட்டின மாஸ்க்குக்கு வந்து, அடைக்கிற தொண்டையைத் திறந்தே வைத்திருக்கும். அவர் முதலில் செய்த காரியம், மாஸ்க்கைத் தூக்கிப் போட்டுவிட்டு மெஷினில் காதை வைத்துக் கேட்டதுதான். "பேரிங்கு நல்ல பேரிங்கு, சத்தமே இல்ல பாரு" என்றார். மாட்டிக்கொண்டு படுத்ததும், "பிள்ளையாருக்குத் தும்பிக்கை வந்தாச்சு, கொழுக்கட்டை புடிக்கட்டுங்களா?" என்று நான் சீண்டினேன். அன்று ராத்திரி வீட்டில் குறட்டை இல்லை. அந்த அமைதியில் எனக்குத்தான் பயம். நாலைந்து தரம் அவர் வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். ஒரு வாரம் கழித்து நான் நன்றாகத் தூங்கினேன். கல்யாணம் ஆனதிலிருந்து அப்படித் தூங்கினதாக ஞாபகம் இல்லை.

மெஷின் விஷயம் எங்கள் இரண்டு பேருக்கும் டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும். யாருக்கும் சொல்லக் கூடாது என்பது அவர் கட்டளை. காரணம் காவடி.

ஊரில் பங்காளி வீடுகள் எல்லாம் சேர்ந்து வருடாவருடம் பங்குனி உத்திரத்துக்குப் பழனிக்கு நடந்து போவார்கள். டெம்போவில் கொடுமுடி போய், காவேரியில் முழுகி, தீர்த்தம் எடுத்து, அங்கிருந்து காவடியோடு செருப்பில்லாமல் நடப்பது வழக்கம். முன்னால் போகிற காவடி அண்ணனுடையது. அவர் போனபின் தீட்டு கழிந்து, வருடமும் கழிந்து, அது தம்பியிடம் வந்தது. எங்கள் சனங்களின் மரியாதையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒருத்தனுக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்தால் போதும். "உங்களுக்கெதுக்குங்க செரமம், நாங்க பாத்துக்கறமுங்க" என்று ஆளாளுக்குத் தாங்கியே அவனைத் தூக்கி டெம்போவில் உட்கார வைத்துவிடுவார்கள். சண்டை போட்டால் எதிர்த்து நிற்கலாம். அன்பாகப் பிடுங்கினால் என்ன செய்வது?

"எங்கண்ணன் தூக்குன காவடி அம்மிணி. அது ரோட்டுல போகும், நான் பின்னால டெம்போவுல வாரதா?" என்றார். சரி, தூக்குங்க என்றேன்.

ஆனால் மெஷின் இல்லாமல் ஒரு ராத்திரிகூடப் படுக்கக் கூடாது என்று நானும் கட்டளை போட்டேன். வழியில் மூன்று ராத்திரி. முதல் இரண்டு ராத்திரி தோப்பிலும் காட்டிலும். மூன்றாவது தாராபுரத்தில் கல்யாண மண்டபம், அங்கே கரண்ட் உண்டு. அப்படியானால் இரண்டு ராத்திரிக்குப் பேட்டரி வேண்டும். அவர் உற்சாகமாகிவிட்டார். மெஷின் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று மீட்டர் வைத்து ஒரு ராத்திரி முழுக்க என்னைக் குறித்துவைக்கச் சொன்னார். மெஷினோடு ஒரு தண்ணீர் டப்பா வரும். காற்று வறண்டு போகாமல் இருக்க அந்தத் தண்ணீரைச் சூடாக்கும். மோட்டாரைவிட அந்தச் சூடுதான் அதிகம் தின்கிறது என்று கண்டுபிடித்து, டப்பாவைக் கழற்றி வைத்தார். தொண்டை வறண்டால் வறண்டுபோகட்டும் என்றார். லித்தியம் பேட்டரி ஒன்றை வாங்கிப் பழைய டூல்ஸ் பெட்டிக்குள் பொருத்தினார். நடுவில் இன்வெர்ட்டர் வைக்கவில்லை. "இருக்கற கரண்ட்ட ஏத்தி, அப்புறம் எறக்கி, வழியில பாதியச் சிந்தறது எதுக்கு?" என்று பேட்டரியிலிருந்து மெஷினுக்கு நேராக ஒயர் போட்டார். மொட்டை மாடியில் இரண்டு ராத்திரி பாய் விரித்துப் படுத்து ஒத்திகை பார்த்தோம். இரண்டாம் நாள் காலையில் மீட்டரைப் பார்த்துவிட்டு, "போதும். கொஞ்சம் மிச்சமுங்கூட" என்றார். அந்தக் கொஞ்சத்தைக் கேட்டு எனக்கு நிம்மதி.

கொடுமுடியில் டெம்போவில் பெட்டியை ஏற்றும்போது பங்காளி வீட்டுக் கொழுந்தன் ஒருவர், "இதென்ன பொட்டிங்கண்ணா?" என்று கேட்டார். இவருக்குப் பொய் வராது. வந்தால் அளவு தெரியாமல் வரும். "செல்போன் சார்ஜ் போடறதுக்குங்க. எல்லாத்துக்கும் ஆகும்னுதான் கொண்டாந்தேன்" என்றார். எல்லாருக்கும் ஆகும் என்று சொன்ன பிறகு எல்லாரும் வராமல் இருப்பார்களா? மதியத்துக்குள் பெட்டியைச் சுற்றி ஏழு செல்போன். அதெல்லாம் கொசுறு, பெரிதாக இழுக்காது என்று என் காதில் சொன்னார். கணக்கு அவருடையது, நான் விட்டுவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து அந்தப் பெட்டி எங்கள் பெட்டி இல்லை, ஊர்ப் பெட்டி. அது எனக்கு உறைக்கவில்லை.

முதல் ராத்திரி முத்தூர் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. நாங்கள் டெம்போவுக்கு மறைவாகப் பாய் போட்டுக்கொண்டோம். மாஸ்க் மாட்டி, மேலே போர்வையை இழுத்துவிட்டேன். தென்னை ஓலைச் சத்தத்தில் மெஷின் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. காலையில் பேட்டரி பாதிக்கு மேல் இருந்தது. காவடியைத் தோளில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் நடந்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. பின்னால் அக்கா தீர்த்தச் சொம்போடு தலை குனிந்து நடந்தார். அண்ணன் போனபிறகு அவர் வெளியே வந்ததே அதுதான் முதல் தடவை.

இரண்டாம் நாள் வெயில் கொன்றுவிட்டது. தார் ரோட்டில் கால் வைக்க முடியவில்லை. வெள்ளகோவில் தாண்டிப் பொழுது சாய்கிற நேரத்தில் ஒரு கொறங்காட்டில் இறங்கினோம். கொறங்காடு என்றால் கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் நிலம். நாலைந்து வேல மரம், காய்ந்த புல், அவ்வளவுதான். கண்ணுக்கெட்டின தூரம் வீடு இல்லை, கரண்ட் கம்பம் இல்லை. காவடியை இறக்கி வைத்துப் பூசைக்கு விளக்குப் போட ஜெனரேட்டரைக் கிளப்பினார்கள். அது நாலு தரம் இருமிவிட்டு நின்றுபோனது. இவர் போய்ப் பார்த்தார். "மோட்டாருன்னாப் பாத்துருவனுங்க. இது இன்ஜின் கோளாறு" என்று கையைத் துடைத்துக்கொண்டார். டிரைவர் ஜெனரேட்டரை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வெள்ளகோவிலுக்குத் திரும்பினார். ஆண்கள் எல்லாம் தூரத்தில் ஒரு தோட்டத்துத் தொட்டியில் குளிக்கப் போனார்கள். இவரும் போனார். பெட்டி என் பக்கத்தில் இருந்தது.

அப்போதுதான் அந்தக் கொழுந்தன் முன்னதாகக் குளித்துவிட்டு வந்தார். பூசைக்கு முறை அவருடையது. ஈரத் தலை, பச்சை வேட்டி, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காத முகம்.

"ஏனுங்கண்ணி, பூசைக்கு நேரமாகுதுங்க. ஜெனரேட்டர் வர எந்நேரமாகுமோ தெரியிலீங்க. அண்ணன் பேட்டரியச் சித்த நேரம் எடுத்துக்கட்டுங்களா? மைக் ஆம்ப்ளிஃபையருக்குப் பின்னால பேட்டரி மாட்டறதுக்கு எடம் இருக்குதுங்க. காவடிக்குச் சுத்துன லைட்டும் அதுலயே எரிஞ்சுரும். சாமி காரியமுங்க."

கடையாக இருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்கும். இங்கே நான் அந்த ஊர் மருமகள். முடியாது என்று சொன்னால் காரணம் சொல்ல வேண்டும். காரணத்தைச் சொன்னால் நாளைக் காலை இவர் தோளில் காவடி இருக்காது. காரணம் சொல்லாமல் முடியாது என்பதற்கு எங்கள் பேச்சில் வார்த்தையே கிடையாது. எதிரே ஒரு மனிதர் சாமிக்காகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். "அவர் வந்துரட்டுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதுகூட வரவில்லை.

"எடுத்துக்குங்க. சாமிக்கில்லாததுங்களா" என்றேன்.

எடுத்துக்குங்க என்பதோடு நிறுத்தவில்லை. மேலே ஒன்றைச் சேர்த்து வேறு சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது. அரை மணி நேரப் பூசை, மிச்சம் இருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். பூசை அரை மணிதான். அதற்கப்புறம் பாட்டு. மைக் சத்தம் கேட்டுத் தூரத்துத் தோட்டங்களிலிருந்து சனம் வந்தது. வந்தவர்களுக்காக இன்னும் இரண்டு பாட்டு, அப்புறம் காவடியாட்டம். நான் பெட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதிலிருந்து மூச்சு மூச்சாகப் போய்க்கொண்டிருப்பது எனக்கு மட்டும் தெரிந்தது.

இவர் குளித்துவிட்டு வந்தவர், வேலி ஓரத்திலேயே நின்றுவிட்டார். விளக்கைப் பார்த்தார், ஒயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மெதுவாகப் பெட்டி அருகே போனார். பிடுங்கப் போகிறார் என்று நினைத்தேன். ஒரு ஒயர் தொளதொளவென்று மாட்டியிருந்தது. பொறி வந்தாலும் வரும். குந்தி உட்கார்ந்து அதைச் சரியாக முறுக்கி, டேப் சுற்றிவிட்டு எழுந்து, கும்பிடுகிறவர்களோடு போய் நின்றுகொண்டார். ஏன் கொடுத்தாய் என்று அன்றும் கேட்கவில்லை, இன்றுவரைக்கும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன், பாரம் இறங்கியிருக்கும்.

சாப்பாடெல்லாம் முடிந்து பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்த கொழுந்தன், "ரொம்பச் சந்தோசமுங்கண்ணா, பேட்டரின்னா இதுதானுங்க பேட்டரி" என்றார். இவரும் "சந்தோசமுங்க" என்றார். டெம்போ திரும்பவில்லை. ரிப்பேர் காலையில்தான் ஆகும், வண்டியோடு அங்கேயே படுத்துக்கொள்கிறேன் என்று டிரைவர் போன் செய்துவிட்டார். வண்டிப் பேட்டரி என்று ஒரு வழி மனசில் வைத்திருந்தேன், அதுவும் போயிற்று. எல்லாரும் படுத்தபின் இவர் மாஸ்க்கை மாட்டி மெஷினைப் போட்டார். ஓடியது. சோளம் வேகிற நேரம்கூட ஓடவில்லை. பச்சை விளக்கு அணைந்து, மாஸ்க்குக்குள் காற்று நின்றது. அவரே கழற்றிச் சுருட்டி உறையில் வைத்தார்.

"யாரையாச்சும் எழுப்பிச் சொல்லட்டுங்களா?" என்றேன்.

என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம் அம்மிணி. ஒரு ராத்திரிதான. இத்தன வருசம் மெஷின் இல்லாமத்தான படுத்தேன்? நீ தூங்கு."

உங்க அண்ணனும் மெஷின் இல்லாமத்தானுங்க படுத்தாரு என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. முழுங்கினேன்.

மல்லாந்து படுத்தால் அதிகம் அடைக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகுக்குத் துணி மூட்டையை அணை கொடுத்தேன். வெயிலில் நடந்த அலுப்பு, படுத்தவுடன் தூங்கிவிட்டார். மூட்டையையும் நசுக்கிக்கொண்டு மல்லாந்துவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். குறட்டை நின்றதும் எண்ண ஆரம்பித்தேன். இருபது வரைக்கும் பார்ப்பது, வராவிட்டால் தோளைத் தட்டுவது. தட்டினால் ஒரு இழுப்பு இழுத்து, மூச்சு திரும்பும். மறுபடி ஏறும், மறுபடி நிற்கும். சில தரம் பன்னிரண்டிலேயே தானாக வந்துவிடும். சில தரம் இருபதில் தட்டியும் வராது, உலுக்க வேண்டியிருக்கும். நடுநடுவே எனக்கு எண்ணிக்கை தப்பியது. பதினான்கா, இருபத்து நான்கா? எதற்கும் இருக்கட்டும் என்று தட்டிவிடுவேன்.

பயந்தேன். அதைவிடக் கோபம். பொய் சொன்ன அவர் மேல் கோபம், கேட்டு வாங்கிப்போன கொழுந்தன் மேல் கோபம், மைக் வைத்துப் பாடினால்தான் காது கேட்குமா என்று முருகன் மேல்கூடக் கோபம். சுற்றிச் சுற்றி என் மேலேயே வந்து விழுந்தது. ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லத் துப்பில்லாமல், கொண்டவன் மூச்சை எடுத்து மைக்குக்குக் கொடுத்துவிட்டு இங்கே உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கிறேன். அழுகை வந்தது. அழுதால் அவர் மூச்சு கேட்காது என்று அதையும் அடக்கினேன்.

எந்நேரம் கண் அசந்தேனோ தெரியாது. தலை தொங்கித் திடுக்கென்று விழித்தேன். அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கையெடுத்துக் கும்பிட்டேன். அப்போது இந்தப் பக்கம் ஒரு அசைவு. மூன்று பாய் தள்ளிப் படுத்திருந்த அக்கா எழுந்து உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாரோ.

"ஏங்கண்ணு, தூங்காம உக்காந்திருக்கறே?" என்று எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கொசு என்று சொல்லியிருக்கலாம். அதற்குமேல் என்னால் ஒற்றையாகத் தூக்க முடியவில்லை. ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டேன். டாக்டர், ஒயர், மெஷின், பேட்டரி, நான் எடுத்துக்குங்க என்றது, எல்லாம். அதுவரை யாரிடமும் சொல்லாததையெல்லாம் கிசுகிசுவென்று மடமடவென்று சொன்னேன். "கொறட்டை உட்டாப் பயமில்லீங்கக்கா. சத்தம் இருக்கற வரைக்கும் மூச்சு இருக்குதுன்னு அர்த்தம். சத்தம் நின்னாத்தான் பயம். நின்னா ஒடனே தட்டி எழுப்பிப் போடோணும், இல்லீன்னா..."

அங்கேதான் எனக்குப் புத்தி வந்தது. யாரிடம் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறேன்! வேண்டிய நேரத்தில் அடைத்துக்கொண்ட வாய், இப்போது மடை திறந்துவிட்டது. பாதியில் நிறுத்தினேன். நிறுத்தி என்ன செய்ய, சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லி ஆகிவிட்டது. அக்கா என்னைப் பார்க்கவில்லை. இவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். குறட்டை ஏறி ஏறி வந்து, நின்றது. நான் எண்ண ஆரம்பிப்பதற்குள் அக்காவின் கை போய் இவர் தோளைத் தட்டியது. மூச்சு வந்தது. கையை அக்கா எடுக்கவில்லை.

அப்படியே பேசினார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"அன்னைக்கு ராத்திரியும் அவிய கொறட்டையக் கேட்டுக்கிட்டுத்தான் படுத்திருந்தேன் கண்ணு. முழிப்பாத்தான் இருந்தேன். திடீர்னு நின்னுபோச்சு. அப்பாடா, இன்னைக்காச்சும் தூங்கலாம்னு அக்கட்டாலத் திரும்பிப் படுத்துட்டேன். நல்லாத் தூங்கிப்போட்டேன்."

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். உங்களுக்குத் தெரியாதுங்களேக்கா, அது இதனாலதான்னு டாக்டருக்கே தெரியாதுங்க, இப்படி எத்தனையோ இருக்கிறது. எதற்கும் பதில் வைத்திருக்கிறவள் என்று பேர் வாங்கினவள். அக்காவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"எத்தன வரைக்கும் எண்ணறே?" என்றார்.

"இருவதுங்கக்கா."

"இருவது வேண்டாம். பத்துப் போதும். நீ படு, நான் பாத்துக்கறேன்."

வேண்டாமுங்கக்கா என்று சொல்லிப் பார்த்தேன். என் தலையைப் பிடித்து மெதுவாகப் பாயில் சாய்த்தார். படுத்துக்கொண்டே கேட்டேன். ஒண்ணு, ரெண்டு என்று அவர் முணுமுணுப்பது காதில் விழுந்தது. ஏழோ எட்டோ ஆகும்போதே தட்டும் சத்தம். பத்து வரைக்கும்கூட அவர் பொறுக்கவில்லை. நான் தூங்கிவிட்டேன்.

விழிப்பு வந்தபோது கிழக்கே லேசாக வெளுத்திருந்தது. எங்கும் அமைதி. குறட்டை இல்லை. ஒன்றுமே இல்லை. சட்டென்று எழுந்து உட்கார்ந்தேன். அவர் ஒருக்களித்துப் படுத்திருந்தார். முதுகு சாயாமல் அக்கா தன் முழங்காலை முட்டுக் கொடுத்திருந்தார், உட்கார்ந்த இடத்தை விட்டு நகராமல். ஒரு கை அவர் விலாவின் மேல் இருந்தது.

"மூச்சு இருக்குது கண்ணு" என்றார். "இருக்குது. நீ படு."